ராக் பாட்டுக்குள் செபம் உண்டா?



தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் என் போன்றவர்களிடம் பெற்றோர்கள் பலவிதமான கேள்விகளைக் கொண்டு வருவார்கள். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை, மலாய் வாசிக்கத் தடுமாறுகிறான் என்பவை வழக்கமானவை. கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்த பெற்றோர் சிலர் வேறொரு கேள்வியும் கேட்பதுண்டு. "ஐயா, பையன் எந்நேரமும் மேல்நாட்டு ராக் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் தவறாமல் வருகிறான். அதெல்லாம் பேய்ப்பாட்டு என்று சிலர் சொல்கிறார்கள். பையனைக் கேட்டால் அதிலேயும் சாமி பாட்டு இருக்கிறது என்கிறான். யார் சொல்வது சரி?"

இது சாதாரணக் கேள்வி அல்ல. ஒரு பாட்டின் பேரால் வீட்டில் தந்தையும் மகனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதுண்டு. ஆகவே இந்தக் கேள்வியைக் கோபமில்லாமல் சற்றே ஆராய்ந்து பார்ப்போம். கிறிஸ்தவர் அல்லாத நேயர்களும் கேளுங்கள். பாட்டும் பக்தியும் எல்லா வீட்டுக்கும் பொதுவானவையே.

முதலில், ராக் பாட்டு எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு கன்றின் குணம் தெரிய வேண்டுமானால் அது எந்த மண்ணில் முளைத்தது என்று கேட்கிறோம் அல்லவா? ராக் இசை 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவெடுத்தது. மின்சாரக் கித்தாரும் முரசும் அதன் அடையாளம். ஆனால் அதன் வேர் அதற்கும் நெடுங்காலம் முன்பே ஊன்றியது. அந்த வேர் ஊன்றிய இடம் தோட்டம். ஆம், நேயர்களே, பருத்தியும் புகையிலையும் நெல்லும் விளைந்த பெருந்தோட்டங்கள்தாம்.

1619ஆம் ஆண்டு ஆப்பிரிக்க மக்கள் முதன்முதலாக வர்ஜீனியாவிற்குக் கொண்டுவரப்பட்டார்கள். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இலட்சக்கணக்கானோர் அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தார்கள். கூலி இல்லை, குடும்பம் சேர்ந்து வாழும் உரிமை இல்லை, தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்கும் விற்றுவிடுவார்கள். பல மாநிலங்களில் அவர்கள் எழுதப் படிக்கக் கற்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. முதலாளிகளின் வேதத்தை அவர்கள் காதால் கேட்டார்கள். கேட்டதில் அவர்கள் மனத்தைத் தைத்தது மோசேயின் கதை. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளைக் கடவுள் விடுவித்தார் என்றால், பருத்தி பறிக்கும் எங்களையும் விடுவிக்க மாட்டாரா என்று அவர்கள் எண்ணினார்கள். எண்ணியதைப் பாடினார்கள். ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். வாத்தியம் இல்லாத இடத்தில் கைதட்டலும் கால்தட்டலுமே தாளம்.

அந்தப் பாடல்களுக்கு இரண்டு பொருள் இருந்தன. யோர்தான் ஆற்றைக் கடப்பது என்று பாடினால், மேற்பார்வையாளன் காதில் அது மோட்சத்தைப் பற்றிய பாட்டு. பாடுகிறவர்களுக்கோ அது அடிமைத்தனம் இல்லாத வடபகுதிக்குத் தப்பிச் செல்வதையும் குறிக்கக்கூடும். வேதச் சொல்லுக்குள் விடுதலைச் சொல் ஒளிந்திருந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டில் இரண்டு பொருள் இருக்க முடியும் என்பது பின்னால் நமக்குப் பயன்படும்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. மறு ஆண்டே, விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காக டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்னும் பள்ளி எழுந்தது. பணமில்லாமல் அது மூடும் நிலைக்கு வந்தபோது, 1871இல் அங்கிருந்த மாணவர்கள் ஒன்பது பேர் பாட்டுப் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தம் பெற்றோர் தோட்டத்தில் பாடிய பாட்டுகளை மேடையில் பாட முதலில் அவர்கள் கூசினார்கள். அவை அடிமைக் காலத்து நினைவு. அதோடு அவை செபம். ஆனால் அந்தப் பாட்டுகளைத்தான் மக்கள் கேட்க விரும்பினார்கள். 1873இல் இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் அவர்கள் பாடினார்கள். திரட்டிய பணத்தில் எழுந்த பெரிய கட்டடம் இன்றும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. தோட்டத்துப் பாட்டு கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடம் அது!

அடுத்த கட்டம் தாமஸ் டோர்சி என்பவருடையது. 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். ஆனால் பிழைப்புக்கு அவர் வாசித்தது 'புளூஸ்' என்னும் சோகப்பாட்டு; அதுவும் மதுக்கடைகளிலும் கூத்து மேடைகளிலும். 1932இல் அவர் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார். பிறந்த குழந்தையும் இறந்தது. அந்தத் துயரத்தில் அவர் இயற்றிய பாட்டு, ஆண்டவரே என் கையைப் பிடித்து நடத்தும் என்று வேண்டுவது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, அவருடைய இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் பாடியது அந்தப் பாட்டைத்தான். டோர்சி செய்தது என்ன? புளூஸ் இசையின் நடையைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தார். முதலில் பல சபைகள் அவரை ஏற்கவில்லை. மதுக்கடை மெட்டை இங்கே கொண்டு வராதே என்றார்கள். ஆனால் 'காஸ்பல்' எனப்படும் இந்த நற்செய்திப் பாட்டு சில ஆண்டுகளிலேயே கறுப்பின மக்களின் சபைகளில் வேரூன்றிவிட்டது.

இப்பொழுது ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அர்கன்சாஸ் மாநிலத்தில் 'பருத்திச் செடி' என்னும் பொருள்படும் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1915இல் பிறந்தவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். தாயார் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி கூறியவர். மகள் சிறு வயதிலேயே கித்தார் வாசித்துக்கொண்டு தாயோடு சென்றாள். வளர்ந்தபின் மின்சாரக் கித்தாரை எடுத்து, கடவுள் பாட்டைத் துள்ளும் தாளத்தில் பாடினார். 1938இல் அவர் இசைத்தட்டில் பாடிய முதல் பாட்டுகளில் ஒன்று டோர்சி இயற்றியதே. தேவாலயத்திலும் பாடினார்; இரவு விடுதியிலும் பாடினார். விடுதியில் பாடியதற்காகச் சபை மக்கள் பலர் வருந்தினார்கள். ஜானி கேஷ், லிட்டில் ரிச்சர்ட் முதலிய ராக் பாடகர்கள் இவரைத் தங்கள் முன்னோடியாகக் கூறியிருக்கிறார்கள். 1973இல் அவர் இறந்தபின் பல ஆண்டுகள் அவருடைய கல்லறையில் பெயர்கூட இல்லை. 2018இல்தான் ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ராக் பாட்டின் மன்னர் என்று போற்றப்பட்ட எல்விஸ் பிரெஸ்லியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெற்ற கிராமி விருதுகள் மூன்று. மூன்றும் பக்திப் பாடல்களுக்காகக் கிடைத்தவை.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே, ராக் இசை தேவாலயத்துக்கு அந்நியமான ஒன்று எனச் சொல்ல முடியாது. தோட்டத்தில் உழைத்தவர்களின் செபம் அதன் பாட்டி. புளூஸ் அதன் தந்தை என்றால், நற்செய்திப் பாட்டு அதன் தாய். ஆனால் ஒன்று. நல்ல தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகவே இருப்பதில்லை. ராக் பாட்டுகளில் போதையைப் புகழ்வனவும் உண்டு. பெண்களை இழிவாகப் பேசுவனவும் உண்டு. எனவே குலத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒன்று, சொல் எங்கிருந்து வந்தது? இரண்டு, பாடியவர் எதை எண்ணிப் பாடினார்? மூன்று, கேட்கிறவர் எதைத் தாமாகச் சேர்க்கிறார்? இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

முதல் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. வேதாகமத்தில் பிரசங்கி என்னும் நூல் உண்டு. அதன் மூன்றாம் அதிகாரம், நடவும் அறுவடையும், அழுகையும் சிரிப்பும், போரும் அமைதியும் தத்தம் காலத்தில் வரும் என்று கூறுகிறது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் அந்த வரிகளை எடுத்து மெட்டமைத்து, அமைதிக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்னும் கருத்தை மட்டும் முடிவில் தாமே சேர்த்தார். 1965இல் 'பர்ட்ஸ்' என்ற ராக் குழுவினர் 'டர்ன் டர்ன் டர்ன்' என்னும் அந்தப் பாட்டைப் பாட, அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. வியட்நாம் போருக்கு இளைஞர்கள் அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. ஏறத்தாழ முழுப்பாட்டும் வேத வாக்கியம். அதைக் கேட்ட இளைஞர்களில் எத்தனையோ பேர் பிரசங்கி நூலைத் திறந்தே பார்த்திராதவர்களாக இருக்கலாம்.

இன்னொன்று, அயர்லாந்தின் டப்ளின் நகரத்து 'யூ டூ' குழுவினரின் பாட்டு. 1983இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்யும் வேலை முடியும் நேரம். இன்னும் ஒரு பாட்டு வேண்டியிருந்தது. பாடகர் போனோ சங்கீதப் புத்தகத்தைத் திறந்து நாற்பதாம் சங்கீதத்தை எடுத்தார். சேற்றுக் குழியில் விழுந்தவனைக் கடவுள் தூக்கி எடுத்துப் பாறையின்மேல் நிறுத்துகிறார் என்பது அதன் பொருள். அதோடு, இன்னும் எத்தனை காலம் என்று வேறு சங்கீதங்களில் வரும் ஏக்கத்தையும் சேர்த்தார். பாட்டின் பெயரே 'நாற்பது'. பல ஆண்டுகள் இக்குழுவினர் தம் நிகழ்ச்சியை இந்தப் பாட்டோடுதான் முடித்தார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே கலைஞர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டுப் போவார்கள். மேடை காலியான பின்பும் கூட்டம் அந்தச் சங்கீதத்தைப் பாடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குழுவினர் நால்வரில் மூவர் இளமையில் ஒரு வேத வாசிப்புக் குழுவில் இருந்தவர்கள். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ராக் பாடுவது கிறிஸ்தவ வாழ்வுக்குப் பொருந்துமா என்ற ஐயம் அவர்களையே வாட்டியது. பாட்டையே விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினார்கள். நம் பெற்றோர் கேட்கும் கேள்வியை அந்தப் பாடகர்களும் தங்களைத் தாங்களே கேட்டிருக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

இதே குழுவினர் 1987இல், தேடுவது இன்னும் கிடைக்கவில்லை என்னும் பொருளில் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதில் சிலுவையில் நம்பிக்கை அறிக்கை இருக்கிறது. ஆனால் தேடல் முடியவில்லை என்ற ஏக்கமும் இருக்கிறது. சில கிறிஸ்தவர்களுக்கு இது நெருடலாகப் பட்டது. இயேசுவைக் கண்டபின் இன்னும் என்ன தேடல் என்றார்கள். ஆனால் பவுல் அடிகள் பிலிப்பியருக்கு எழுதிய மடலின் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். தாம் இன்னும் இலக்கை அடைந்துவிடவில்லை, அதை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதாகவே அவர் எழுதுகிறார். விசுவாசம் என்பது ஓட்டம் நின்றுபோவது அன்று. இந்தப் பாட்டை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி நற்செய்திப் பாடகர் குழுவோடு சேர்ந்து அவர்கள் பாடியதை 1988இல் வந்த ஒரு திரைப்படத்தில் காணலாம். பேரப்பிள்ளை பாட்டி வீட்டுக்குத் திரும்பி வந்தது போல ராக் பாட்டு அங்கே தாய்வீடு சேர்ந்தது.

இனி, இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். 'பீட்டில்ஸ்' குழுவினர் 1970இல் வெளியிட்ட 'லெட் இட் பீ' என்ற பாட்டில், துன்ப வேளையில் மரியன்னை வந்து ஆறுதல் கூறுவதாக வருகிறது. கத்தோலிக்கர் பலர் இது தேவமாதாவைப் பற்றிய பாட்டு என்றே நம்பினார்கள். இயற்றிய பால் மெக்கார்ட்னி சொன்ன விளக்கம் வேறு. அவருடைய தாயார் பெயர் மேரி. தாதியாக வேலை பார்த்தவர். 1956இல், மகனுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது புற்றுநோயால் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து, குழுவுக்குள் மனக்கசப்பு மிகுந்திருந்த சமயத்தில் தாயார் கனவில் வந்து தைரியம் சொன்னார். அந்தக் கனவே பாட்டாயிற்று. அப்படியானால் மாதாவை நினைத்துக் கேட்பவர்கள் ஏமாந்தவர்களா? அப்படியும் சொல்லிவிட முடியாது. மக்கள் அவ்வாறு எடுத்துக்கொள்வதில் தமக்குத் தடையில்லை என்று மெக்கார்ட்னியே கூறியிருக்கிறார். கேட்பவர் மனத்தில் அது செபமாகலாம். ஆனால் "பீட்டில்ஸ்காரர் மாதாவுக்குப் பாட்டு எழுதினார்" என்று மேடையில் சொன்னால் அது பொய். எனக்கு இப்படிப் பொருள்படுகிறது என்று சொல்வது வேறு. அவர் இப்படித்தான் எண்ணினார் என்று சொல்வது வேறு.

இதற்கு எதிர்மாறான ஒன்றும் உண்டு. 1969இல் நார்மன் கிரீன்பாம் என்பவர் பாடிய 'ஸ்பிரிட் இன் த ஸ்கை' என்ற பாட்டில் இயேசுவின் பெயர் வெளிப்படையாகவே வருகிறது. செத்தபின் வானகம் போவேன், இயேசு எனக்கு நண்பர் என்னும் கருத்து. இங்கிலாந்தில் 1970, 1986, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெவ்வேறு பாடகர்கள் பாடி மூன்று முறை முதலிடம் பெற்ற பாட்டு இது. ஆனால் கிரீன்பாம் யூத குடும்பத்தில் பிறந்தவர். தொலைக்காட்சியில் ஒருவர் பக்திப் பாட்டுப் பாடக் கண்டு, நாமும் ஒன்று எழுதலாமே என்று எழுதினார். பாட்டின் ஓரிடத்தில் தாம் பாவமே செய்ததில்லை என்கிறார். கிறிஸ்தவ போதனைக்கு இது நேர் விரோதம். எல்லா மனிதரும் பாவிகளே, இரக்கத்தால் மீட்கப்படுகிறோம் என்பதல்லவா அந்த போதனை? ஆகவே இயேசுவின் பெயர் இருப்பதாலேயே ஒரு பாட்டு கிறிஸ்தவப் பாட்டாகிவிடாது. பெயர் இல்லாததாலேயே அதில் பக்தி இல்லை என்றும் ஆகிவிடாது. கடையில் பொட்டலத்தின்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து மட்டுமா சாமான் வாங்குகிறோம்?

கேட்பவர் தாமாகச் சேர்க்கும் பொருள் எவ்வளவு வலிமை உடையது என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டுகளில் ஒரு பயம் பரவியது. ராக் இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானை வணங்கும் சொற்கள் கேட்கும் என்றார்கள். கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் வோக்கி, ரீட் என்ற இருவர் இதைச் சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். அவர்கள் பின்னோக்கி ஒலிக்கவிட்டவற்றில் ஒன்று எது தெரியுமா? ஆண்டவரை மேய்ப்பராகப் போற்றும் 23ஆம் சங்கீதம்! கேட்டவர்களுக்குத் தாமாக எந்தச் செய்தியும் புலப்படவில்லை. ஆனால் இன்ன சொல் வரும், கவனியுங்கள் என்று முன்கூட்டிச் சொன்னபோது பலருக்கு அந்தச் சொல் 'கேட்டது'. சங்கீதத்திலேயே இல்லாததைக் கேட்க முடியுமானால், ராக் பாட்டில் கேட்பதற்கு என்ன தடை? இப்படி ஒளிந்த செய்தி இரண்டு இளைஞரைத் தற்கொலைக்குத் தூண்டியது என்று ஒரு ராக் குழுமீது தொடுக்கப்பட்ட வழக்கையும் 1990இல் அமெரிக்க நீதிபதி தள்ளுபடி செய்தார். இது இருபுறமும் வெட்டும் கத்தி. எங்கும் பேயைத் தேடுகிறவர் எல்லாப் பாட்டிலும் பேயைக் கேட்பார். எங்கும் கிறிஸ்துவைத் திணிக்கிறவரும் பாட்டில் இல்லாததைக் கேட்பார். இருவருமே பாட்டைக் கேட்கவில்லை.

நிறைவாக, நம் போன்ற உழைக்கும் குடும்பங்கள் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய பாட்டு ஒன்று. இது ராக் அன்று. அதன் நெருங்கிய உறவான ஜமைக்கா நாட்டு 'ரெகே' இசை. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' என்பது அதன் பெயர். நம்மில் பலருக்கு 1978இல் 'போனி எம்' குழுவினர் பாடிய துள்ளல் பாட்டாகவே அது தெரியும். இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அதை முதலில் பாடியவர்கள் ஜமைக்காவின் 'மெலோடியன்ஸ்' குழுவினர், ஆண்டு 1970.

ஜமைக்கா கரும்புத் தோட்ட நாடு. ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்த மண். அங்கே அடிமைத்தனம் 1838இல் முற்றாக முடிந்தபின், 1845 முதல் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலில் கொண்டுபோகப்பட்டார்கள். பாட்டின் சொற்கள் 137ஆம் சங்கீதம். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேம் நகரம் அழிந்து, யூத மக்கள் பாபிலோனுக்குச் சிறை போனார்கள். சிறை பிடித்தவர்கள், உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்டபோது, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவோம் என்று அவர்கள் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதார்கள். கடல் கடந்து வந்து, பிறர் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வழிவந்த நமக்கு இந்த அழுகையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மெலோடியன்ஸ் குழுவினர் 'ரஸ்தஃபாரி' சமயத்தைச் சார்ந்து பாடினார்கள். 1930இல் முடிசூடிய எத்தியோப்பியச் சக்கரவர்த்தியைத் தெய்வமாகப் போற்றும் சமயம் அது. அவர்களுக்குப் பாபிலோன் என்பது ஏழையை ஒடுக்கும் அதிகாரம். அதனால் ஜமைக்கா அரசாங்கம் முதலில் பாட்டை வானொலியில் தடை செய்தது. சொற்கள் ஏறத்தாழ எல்லாம் வேதத்தில் உள்ளவைதாமே என்று குழுவினர் வாதாடியபின் தடை நீங்கியது. போனி எம் பாடியபோது, சக்கரவர்த்தியைக் குறித்த சொல்லை நீக்கி, வேதத்தில் உள்ளபடி ஆண்டவரின் பாட்டு என்றே மாற்றினார்கள். ஒரே பாட்டு, யூதருக்கு ஒரு பொருள், ரஸ்தஃபாரியருக்கு ஒரு பொருள், கிறிஸ்தவருக்கு ஒரு பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 137ஆம் சங்கீதம் பயங்கரமான சாபத்தோடு முடிகிறது. பாபிலோனியரின் குழந்தைகளும் மோதியடிக்கப்பட வேண்டும் என்று பழிவாங்கும் வெறி அங்கே தெறிக்கிறது. பாட்டு அந்தப் பகுதியைப் பாடவில்லை. அதற்குப் பதிலாக 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. என் வாயின் சொல்லும் உள்ளத்தின் எண்ணமும் உமக்கு ஏற்றதாகட்டும் என்று கடவுளிடம் வேண்டும் வசனம் அது. துன்பப்பட்டவன் கையில் பழிக்குப் பதிலாகச் செபம் வைக்கப்படுகிறது. பகைவரை நேசியுங்கள் என்ற இயேசுவின் போதனையை அறிந்த கிறிஸ்தவர் இந்த மாற்றத்தில் ஆழ்ந்த பொருள் காண்பார். இது வலிந்து கொள்ளும் பொருள் அன்று. சங்கீதத்தையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும் பொருள்.

மக்கள் விரும்பும் இசையில் பக்தி பாடுவது தமிழருக்கும் புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சி ஆட்ட வடிவத்தை எடுத்து, 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். கருநாடக இராகங்களில் அவர் செய்த கீர்த்தனைகளைத் தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகின்றன. மெட்டுக்கு மதம் இல்லை. அதில் எதை ஏற்றுகிறோம் என்பதே கேள்வி.

ஆகவே பெற்றோருக்கு ஒரு யோசனை. அடுத்த முறை பிள்ளையின் பாட்டு காதில் விழுந்தால், நிறுத்து என்று அதட்டுமுன் பக்கத்தில் உட்காருங்கள். "தம்பி, இந்தப் பாட்டு என்ன சொல்கிறது? எனக்குக் கொஞ்சம் தமிழில் சொல்" என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாதது இங்கே குறையல்ல. பிள்ளை பொருள் சொல்லும்போது அவனே முதன்முறையாக அந்தச் சொற்களை எண்ணிப் பார்ப்பான். வேதத்திலிருந்து வந்த பாட்டு என்றால், அந்த அதிகாரத்தைத் தமிழ் வேதாகமத்தில் எடுத்துச் சேர்ந்து வாசியுங்கள். கூடாத பாட்டு என்றால், அதைச் சொல்லும்போது அவனே வெட்கப்படுவான். அப்பொழுது நீங்கள் சொல்லும் அறிவுரையும் காதில் ஏறும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பாட்டில் கடவுள் இருக்கிறார் என்று அம்மாவிடம் வாதாடினால் மட்டும் போதாது. எந்த வரியில், எப்படி என்று எடுத்துக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், எனக்கு இந்த இசை பிடித்திருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லுங்கள். அதில் தவறொன்றும் இல்லை. உங்களுக்குப் பிடித்ததற்காக இல்லாத பக்தியை அதன்மேல் போர்த்த வேண்டாம். அதோடு, காலை நாலரை மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டிய பெற்றோர் தூங்கும் நேரத்தில் ஒலியைக் குறைத்து வையுங்கள். அதுவும் பிறர் மீது அன்பு காட்டும் வழிதான்.